ஏ.ஈ.2: ஒரு நீர்மூழ்கியின் சரித்திரம்

யுத்தக் கப்பல்களின் பெருமையை அவை மூழ்கடித்த பகைக் கப்பல்களின் தொகையைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அந்த அளவுகோலை எடுத்தால், ஆஸ்திரேலியக் கடற்படையைச் சேர்ந்த ‘ஏ.ஈ.2’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலைப் பற்றி எழுதுவதற்கே இடமில்லை. அது மூழ்கடித்ததென்று உறுதியாகச் சொல்லக்கூடிய கப்பல் ஒன்றுகூட இல்லை. அது சேவையில் இருந்த காலமும் பதினான்கே மாதங்கள். ஆயினும் அதன் சரித்திரத்தை ஆஸ்திரேலியரும் மறக்கவில்லை. அதனோடு பொருத துருக்கியரும் மறக்கவில்லை. காரணம் என்னவென்று சற்றுப் பார்ப்போம்.

ஆஸ்திரேலியா ஒரே நாடாக இணைந்தது 1901-ஆம் ஆண்டில். அந்த இளம் தேசம் தனக்கென்று இரண்டு நீர்மூழ்கிகளை இங்கிலாந்தில் பாரோ நகரத்து விக்கர்ஸ் தளத்தில் கட்டுவித்தது. ஏ.ஈ.1, ஏ.ஈ.2 என்பன அவற்றின் பெயர்கள். ஏ.ஈ.2-இன் நீளம் 181 அடி. அதன் தளபதி லெப்டினன்ட் கமாண்டர் ஹென்றி ஸ்டோக்கர், அயர்லாந்தில் டப்ளின் நகரத்தவர். மாலுமிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர் பிரிட்டிஷார், பாதிப் பேர் ஆஸ்திரேலியர்.

1914 மார்ச் 2-ஆம் தேதி இரண்டும் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டன. ஸூயஸ், ஏடன், கொழும்பு, சிங்கப்பூர் வழியாகச் சுமார் 13,000 கடல் மைல் பிரயாணம் செய்து, மே 24-ஆம் தேதி ஸிட்னி துறைமுகத்தை அடைந்தன. அதுவரையில் எந்த நீர்மூழ்கியும் அவ்வளவு தூரம் சென்றதில்லை. சிங்கப்பூரிலிருந்து அவற்றுக்குத் துணையாக வந்தது ‘ஸிட்னி’ என்ற போர்க் கப்பல். சென்னையின் மீது குண்டு வீசி, இன்றும் நம் பேச்சு வழக்கில் உயிரோடிருக்கும் ‘எம்ட’னை அதே ஆண்டு நவம்பரில் கோகோஸ் தீவுகளருகே அழித்தது இந்த ‘ஸிட்னி’தான்.

யுத்தம் மூண்டதும் இரண்டு நீர்மூழ்கிகளும் ஜெர்மானியர் வசமிருந்த நியூகினிக்கு அனுப்பப்பட்டன. அங்கே செப்டம்பர் 14-ஆம் தேதி ரோந்து சென்ற ஏ.ஈ.1 திரும்பவேயில்லை. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். கப்பல் கிடந்த இடம் 2017 டிஸம்பரில்தான் தெரியவந்தது. இணையை இழந்த ஏ.ஈ.2, ஆண்டு முடிவில் துருப்புக் கப்பல்களோடு சேர்ந்து மத்திய தரைக்கடலுக்குப் புறப்பட்டது.

அங்கே நேச நாட்டாரின் வழியை அடைத்துக்கொண்டிருந்தது டார்டனெல்ஸ் ஜலசந்தி. சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த நீர்ப்பாதை, மிகக் குறுகிய இடத்தில் ஒன்றேகால் கிலோமீட்டர் அகலம்கூட இல்லை. இதைக் கடந்தால் மர்மாராக் கடல். அதற்கப்பால் துருக்கியின் தலைநகரான கான்ஸ்டாண்டிநோபிள். இரு கரைகளிலும் கோட்டைகளும் பீரங்கிகளும் நின்றன. நீருக்குள்ளே கம்பிகளில் கட்டிய கண்ணிவெடிகள் வரிசை வரிசையாக மிதந்தன. இயற்கையும் துருக்கியருக்கே துணை நின்றது: மேல்மட்டத்தில் நீர் மர்மாராவிலிருந்து வெளியே பாய்கிறது, அடியில் உப்பு மிகுந்த கனமான நீர் எதிர்த் திசையில் செல்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நீர்மூழ்கியை ஒரே ஆழத்தில் நிறுத்துவது பெரும்பாடு. நீருக்குள் அதை ஓட்டும் பாட்டரியின் சக்தியோ சில மணி நேரத்தில் தீர்ந்துபோகும். தீர்ந்தால் மேலே வந்து, டீஸல் எஞ்சினை ஓட்டி மின்சாரம் ஏற்றிக்கொண்டாக வேண்டும்.

முயன்றவர்களின் கதி அனைவரும் அறிந்ததே. ஜனவரியில் ஒரு பிரெஞ்சு நீர்மூழ்கி அழிந்தது. ஏப்ரல் 17-ஆம் தேதி ஈ.15 என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கரை தட்டியது. அதன் தளபதி குண்டடிபட்டு இறந்தார். அப்படியிருந்தும் தாம் போவதாக ஸ்டோக்கர் முன்வந்தார். ஏப்ரல் 24-ஆம் தேதி இயந்திரக் கோளாறினால் பாதி வழியில் திரும்பி வந்தார். மறுநாள் விடியுமுன் மீண்டும் புறப்பட்டார்.

1915 ஏப்ரல் 25, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துத் துருப்புகள் கலிபோலி கரையில் இறங்கிய நாளும் அதுவே. கரையிலிருந்து பீரங்கிகள் சுடவே, ஏ.ஈ.2 நீருக்குள் அமிழ்ந்தது. கண்ணிவெடிகளைக் கட்டிய கம்பிகள் கப்பலின் உடலில் உராயும் ஓசையை உள்ளிருந்தவர்கள் கேட்டுக்கொண்டே சென்றனர். சனாக் நகருக்கெதிரே ஒரு துருக்கிப் போர்க் கப்பல் மீது ஸ்டோக்கர் டார்பிடோ விட்டார். அது பட்டதாகவே அவர் கருதினார். அடுத்த சில நிமிஷங்களில் நீர்மூழ்கி கரை தட்டி, ஒரு கோட்டையின் காலடியிலேயே மேலெழும்பி நின்றது! பீரங்கிகளை அவ்வளவு கீழே சாய்க்க இயலாமையால் உயிர் தப்பிற்று. விடுபட்டு வந்து எதிர்க்கரையிலும் ஒரு முறை தட்டி, மறுபடி விடுபட்டது. பின்னர்ப் பகல் முழுவதும் கடலடியில் அசையாமல் கிடந்தது. மேலே துருக்கியரின் கப்பல்கள் தேடித் திரிந்தன. கீழே, ஞாயிற்றுக்கிழமை என்பதற்காக மாலுமிகள் பிரார்த்தனை செய்தனர்.

இரவு மேலே வந்ததும், ஜலசந்தியின் குறுகிய வாயிலைக் கடந்துவிட்ட செய்தியைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அனுப்பினர். பதில் வரவில்லை, செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே ஸ்டோக்கருக்குத் தெரியாது. ஆனால் அது போய்ச் சேர்ந்திருந்தது. கரையிறங்கிய துருப்புகளைத் திருப்பி அழைப்பதா என்று சேனாதிபதி ஹாமில்டன் முதலியோர் ஆலோசித்துக்கொண்டிருந்த நள்ளிரவில் அது வந்தது. பின்வாங்க வேண்டாம் என்று ஹாமில்டன் எழுதிய கடிதத்தில் நீர்மூழ்கியின் வெற்றியையும் குறித்தார். அந்த முடிவுக்குத் தந்தி எவ்வளவு காரணம் என்பதில் சரித்திர ஆசிரியர்கள் ஒருமித்த கருத்துடையவர்களல்லர். மனம் தளர்ந்திருந்த வேளையில் அது நம்பிக்கையூட்டியது என்பது மட்டும் நிச்சயம்.

மர்மாராக் கடலில் நான்கு நாட்கள் ஸ்டோக்கர் அங்குமிங்கும் தலைகாட்டி, பல நீர்மூழ்கிகள் வந்துவிட்டனவோ என்று பகைவர் மயங்கும்படி செய்தார். விட்ட டார்பிடோக்கள் பயன் தரவில்லை. ஏப்ரல் 30-ஆம் தேதி கப்பல் கட்டுக்கடங்காமல் மேலெழும்பியபோது, ‘சுல்தான் ஹிஸார்’ என்ற துருக்கி டார்பிடோப் படகு அருகில் இருந்தது. அதன் குண்டுகள் இயந்திர அறையைத் துளைத்தன. ஸ்டோக்கர் ஆட்களையெல்லாம் மேலே அனுப்பிவிட்டு, நீர் புகும்படி தொட்டிகளைத் திறந்து கப்பலை மூழ்கடித்தார். கப்பல் போயிற்று, அதிலிருந்த 32 பேரில் ஒருவர்கூட அன்று இறக்கவில்லை. கடலில் குதித்தவர்களைத் தூக்கிக் காப்பாற்றியவர்கள், சற்று முன் அவர்களைச் சுட்ட அதே துருக்கி மாலுமிகள்!

மூன்றரை ஆண்டுச் சிறைவாசத்தில் நான்கு மாலுமிகள் நோயுற்று இறந்தனர். ஆனால் அவர்கள் திறந்த வழி அடைபடவில்லை. இரண்டே நாளில் ஈ.14-உம், பின்னர் ஈ.11 முதலியவையும் அவ்வழியே சென்று, துருக்கியின் கடற் போக்குவரத்தைக் கலக்கின. கப்பலில் சென்றுகொண்டிருந்த துருக்கித் துருப்புகள் தரைவழியே நெடுந்தூரம் சுற்றிப் போக நேர்ந்தது. முடியாது என்று எண்ணியதை முடியுமென்று ஒருவர் காட்டிவிட்டால், பின்வருவோருக்குப் பாதி வேலை முடிந்தது போலத்தானே?

83 ஆண்டுகளுக்குப் பின், 1998-இல், சுமார் 73 மீட்டர் ஆழத்தில் ஏ.ஈ.2-ஐக் கண்டுபிடித்தவர் செல்சுக் கோலாய் என்ற துருக்கியர். 2014-இல் இரு நாட்டாரும் கூடி ஆராய்ந்தபோது, மேல்வாயிற் கதவு சற்றுத் திறந்தே கிடந்தது; அதன் வழியாகவே காமிராவை உள்ளே இறக்கினர். கப்பலை மேலே எடுக்காமல், துரு அரிக்காதபடி பாதுகாப்புச் செய்து, கிடந்த இடத்திலேயே விட்டுவைத்தனர். அன்று 32 பேரை உயிரோடு வெளியே விட்ட வழி அந்தக் கதவு. ஏ.ஈ.2-இன் கணக்கில் மூழ்கடித்த கப்பல்களின் எண்ணிக்கைக்கு நேரே ஒன்றுமில்லாவிட்டாலும், இந்தத் தொகையைத் தாராளமாக எழுதலாம்.