நைல் கழிமுகம்: வயலின் மேல் வீடு, வயலின் அடியில் உப்பு

எகிப்து பெரிய நாடுதான். இலங்கையைப் போல் பதினைந்து மடங்கு. ஆனால் அதில் பயிர் செய்யக்கூடியது ஏறத்தாழ 4 வீதம். நைலின் இரு கரைகளும், கெய்ரோவுக்கு வடக்கே விசிறிபோல விரியும் கழிமுகமும் போக மிச்சமெல்லாம் பாலைவனம் என்றே சொல்லலாம். 1950 அளவில் ஏறத்தாழ 21 மில்லியனாக இருந்த சனத்தொகை 2020 பெப்ரவரியில் 100 மில்லியனை எட்டியது. காணி அப்படிப் பெருகவில்லை.

பிள்ளைக்குக் கல்யாணம் முடித்தால் வீடு வேண்டும். பாலைவனத்தில் போயிருக்க யாருக்கு மனம் வரும்? தண்ணீர், பாதை, சொந்தபந்தம் எல்லாம் வயலோரத்தில்தான். ஆகவே வயலிலேயே வீடு எழும்புகிறது. சட்டம் தடுத்தும், 2011 புரட்சிக்குப் பின் அரசின் பிடி தளர்ந்த நேரத்தில் இது மளமளவென்று கூடியது. வயலை மண்போட்டு நிரப்புவதைக் கண்டு பழகிய எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

விளங்கிக்கொள்ள வேண்டியது உப்பின் கதை. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின், வருடாவருடம் வெள்ளத்தோடு வந்த வண்டல் நாசர் ஏரியில் படிந்துவிடுகிறது. புது மண் வராததால் கழிமுகம் கொஞ்சம் கொஞ்சமாக அமிழ்கிறது. பூமி சூடாவதால் கடலோ உயர்கிறது. கடல் கரை தாண்டி வந்துதான் வயலை அழிக்கும் என்றில்லை. நன்னீரைவிடப் பாரமான உப்புநீர் நிலத்தடியால் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். வெயிலில் ஈரம் ஆவியாக, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கும். பிறகு காலடியில் தண்ணீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது.

இதற்கு அங்குள்ள விவசாயி கண்ட மருந்து நெல். வயலில் தண்ணீர் கட்டி நின்றால் உப்புக் கரைந்து வடிகாலோடு போய்விடும். கோதுமை செய்தால் அது நடக்காது. ஆனால் நெல்லுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்! 1959 உடன்படிக்கைப்படி நைலில் எகிப்தின் பங்கு வருடத்துக்கு 55.5 பில்லியன் கனமீற்றர். அன்று சுமார் 26 மில்லியன் பேருக்கு இருந்த அதே பங்கைத்தான் இன்று 100 மில்லியனுக்கு மேற்பட்டோர் பகிர்கிறார்கள். அதனால் அரசு நெற்காணிக்கு எல்லை போடுகிறது. 2018இல் வெகுவாகக் குறைத்தது. தண்ணீரை மிச்சம்பிடித்தால் உப்பு ஏறும். உப்பைக் கழுவினால் தண்ணீர் போதாது.

பாலைவனத்தைத் திருத்தி விளைவிக்கிறார்களே என்பார்கள். உண்மைதான். ஆனால் தோஷ்காவுக்குப் போவதும் நைல் நீரே. அந்த மணலை, வீட்டுக்கு அடியில் போன கறுப்பு வண்டலோடு ஏக்கருக்கு ஏக்கர் சமன் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது?

எகிப்தியர் ரொட்டியை 'ஐஷ்' என்கிறார்கள். வாழ்க்கை என்று பொருள். அதற்கான கோதுமையில் ஏறக்குறைய பாதி கப்பலில் வருகிறது. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதும் கெய்ரோவில் ரொட்டி விலை ஏறியது.