நீருக்குள் ஈனும் தாய்

அந்தமான் தீவுத்தொடரின் வடகோடியில் அமைந்த பெரிய ஊர் திக்லிபூர். 1950-களில் கிழக்கு வங்கத்திலிருந்து இடம்பெயர்ந்த உழவர் குடும்பங்கள் பல இப்பகுதியில் குடியேற்றப்பட்டன. ஊருக்குத் தெற்கே, இத்தீவுகளிலேயே உயரமான சேடில் சிகரம் 732 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அம்மலையில் பிறக்கும் கல்பாங் ஆறு வயல்களினூடே பாய்ந்து கடலை அடைகிறது. கிழக்கே ஏரியல் பே துறைமுகமும், மணல்திட்டு ஒன்றினால் இணைந்த ராஸ், ஸ்மித் என்னும் இரு சிறு தீவுகளும் உள்ளன.

இக்கடற்பகுதி இரு வேறு தாய்மைகளை நமக்குக் காட்டுகிறது. ஒன்று கடலாமையின் தாய்மை, பலரும் அறிந்தது. மற்றொன்று ஆவுளியாவின் தாய்மை. கண்டவர் மிகச் சிலர். கடலாமை நீரில் வாழ்ந்து நிலத்தில் கருவுயிர்க்கிறது. ஆவுளியாவோ நம்மைப் போலவே நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டியாயிருந்தும், நீரிலேயே கன்றை ஈனுகிறது. காற்றின்றி வாழ முடியாத ஓர் உயிர், காற்றில்லாத இடத்தில் பிறப்பது எவ்வாறு? அக்கன்று பிழைத்து வளர்வதற்குத் தாய் என்னென்ன செய்கிறது? இவற்றை அறிந்துகொள்வது உயிரியல் பாடத்திற்கு மட்டுமன்றி, அவ்வினத்தைக் காக்கும் பணிக்கும் இன்றியமையாததாகும்.

கரையேறும் தாயும் கடலில் தங்கும் தாயும்

திக்லிபூரை அடுத்த காளிபூர் கடற்கரைக்கு, ஆண்டின் இறுதியில் தொடங்கிச் சில மாதங்கள் வரை, இரவு வேளைகளில் கடலாமைகள் வந்து முட்டையிடுகின்றன. சிற்றாமை, பச்சையாமை, அழுங்காமை, தோணியாமை ஆகிய நான்கு வகைகளும் இங்குக் காணப்பட்டுள்ளன. பெண் ஆமை மணலில் குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பின்னர் அது தன் குஞ்சுகளைக் காண்பதில்லை. சூரிய வெப்பத்தால் சூடேறிய மணலே முட்டைகளை அடைகாக்கிறது. குஞ்சு ஆணா பெண்ணா என்பதையும் மணலின் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. பல முட்டைகளை இட்டு, அவற்றுள் சில பிழைத்தால் போதும் என்பது ஆமையின் வழி.

ஆவுளியாவின் வழி இதற்கு நேர்மாறானது. கடற்பசு என்றும் வழங்கப்படும் இப்பிராணியே அந்தமான் நிகோபார் தீவுகளின் அரசு விலங்கு. திமிங்கிலத்தைப் போன்ற பிளவுபட்ட வாலைப் பெற்றிருப்பினும், இது திமிங்கிலத்தின் உறவன்று. நிலத்தில் வாழும் யானையே இதற்கு நெருங்கிய உறவு. வளர்ந்த ஆவுளியா சுமார் மூன்று மீட்டர் நீளமும், 400 கிலோ வரை எடையும் கொண்டது. ஆழமற்ற கடலடியில் விளையும் கடற்புல்லையே பெரும்பாலும் உண்டு வாழ்கிறது. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோ வரை புல்லை மேய்கிறது. கடற்புல் என்பது பாசியன்று. வேரும் இலையும் பூவும் உடைய உண்மையான தாவரம். அது வளரச் சூரிய ஒளி வேண்டும். எனவே தெளிந்த, ஆழங்குறைந்த நீரிலேயே ஆவுளியா மேய முடியும்.

பதின்மூன்று மாத கர்ப்பம்

பெண் ஆவுளியா முதற்கன்றை ஈனுவதற்கு விரைவில் முந்துவதில்லை. ஆறு வயதில் ஈன்றவையும் உண்டு. பதினேழு வயது வரை ஈனாதவையும் உண்டு. புல் வளம் குன்றிய ஆண்டுகளில் ஈற்று தள்ளிப்போகிறது. கர்ப்ப காலம் 13 முதல் 15 மாதங்கள். ஓர் ஈற்றுக்கு ஒரு கன்றே பிறக்கும். கன்று பிறக்கும்பொழுதே ஒரு மீட்டருக்கு மேல் நீளமும், 20 முதல் 35 கிலோ வரை எடையும் பெற்றிருக்கும்.

பேறுகாலம் நெருங்கியதும் தாய் மிகவும் ஆழங்குறைந்த இடத்தை நாடுகிறது. சில சமயம் ஏறக்குறைய கரையை ஒட்டிய மணல்திட்டுகளுக்கே வந்துவிடுவதும் உண்டு. பெரிய சுறாக்கள் எளிதில் நெருங்க முடியாத இடம் என்பதால் இவ்வாறு செய்வதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர். கன்று பிறந்தவுடன் தாய் அதனை நீர்மட்டத்திற்கு உந்தி முதல் மூச்சைப் பெறச் செய்கிறது.

முதல் மூச்சு

கருவிலுள்ள எந்தப் பாலூட்டியின் நுரையீரலிலும் காற்று இராது, திரவமே நிறைந்திருக்கும். அதற்குத் தேவையான பிராணவாயு தொப்புள்கொடி வழியே தாயின் இரத்தத்திலிருந்து வந்துகொண்டிருக்கும். பிறந்த பின்னர் கொடியின் வழியே வரும் வரவு குறைகிறது. இரத்தத்தில் கரியமிலவாயு மிகுகிறது. முகத்தில் குளிர்ந்த காற்றுப் படுகிறது. இத்தூண்டுதல்கள் ஒன்றுசேர்ந்து முதல் மூச்சை எழுப்புகின்றன. மூக்கும் முகமும் நீரில் அமிழ்ந்திருக்கும்பொழுது மூச்சை அடக்கும் அனிச்சைச் செயலும் பாலூட்டிகளிடம் உண்டு. ஆகவே நீரில் பிறந்த கன்றுக்குச் சிறிது அவகாசம் கிடைக்கிறது. ஆனால் அது நீண்ட அவகாசமன்று. நீர்மட்டம் ஒரு வாலசைப்பில் எட்டும் தூரத்தில் இருப்பது கன்றின் உயிரைக் காக்கிறது. தாய் ஆழமற்ற இடத்தைத் தேடுவதன் மற்றொரு பயன் இதுவே எனலாம்.

மனிதர்களிடையேயும் நீர்த்தொட்டியில் பிரசவிக்கும் முறை இன்று சில நாடுகளில் வழக்கில் உள்ளது. பிரான்ஸ் நாட்டின் பிதிவியே என்னும் ஊரின் மருத்துவமனையில் டாக்டர் மிஷேல் ஓதான் நடத்திய நூறு நீர்ப்பிரசவங்களைப் பற்றிய குறிப்பு 1983-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது. இளஞ்சூடான நீர் பிரசவ வலியைத் தணிப்பதாகத் தாய்மார் பலர் கூறுகின்றனர். வலியின் முதற்கட்டத்தில் ஆரோக்கியமான தாய் நீரில் இருப்பதை மருத்துவ அமைப்புகள் பொதுவாக ஏற்கின்றன. குழந்தையை நீருக்குள்ளேயே பெறுவது குறித்து அவற்றிடையே கருத்து வேற்றுமை உள்ளது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2016-ல் வெளியிட்ட கருத்துரையில், போதிய சான்றுகள் கிடைக்கும் வரை குழந்தை நிலத்திலேயே பிறக்கட்டும் என்று பரிந்துரைத்தது. எவ்வாறாயினும் இது பயிற்சி பெற்றவர் அருகிலிருக்க, மருத்துவமனை வசதியுடன் செய்ய வேண்டிய செயல். ஆற்றிலோ கடலிலோ வீட்டுத் தொட்டியிலோ முயலத்தக்கதன்று. ஆவுளியாவின் உடலமைப்புக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நீருக்கு இசைந்து வந்தது என்பதையும், நம் உடல் அவ்வாறன்று என்பதையும் ஆசிரியர்கள் மாணவர்களுக்குத் தெளிவாக எடுத்துரைக்க வேண்டும்.

பதினெட்டு மாதப் பாலூட்டல்

தாய் ஆவுளியாவின் பால்காம்புகள் முன்துடுப்புகளின் அடியில், அக்குளை ஒட்டி அமைந்துள்ளன. கன்று தாயின் பக்கத்தில் ஒட்டிக்கிடந்து நீருக்குள்ளேயே பால் அருந்துகிறது. பிறந்த சில வாரங்களிலேயே புல்லைக் கடித்துப் பழகினாலும், சுமார் பதினெட்டு மாதங்கள் வரை பாலை விடுவதில்லை. நீந்தும்பொழுது தாயின் முதுகுக்கு மேலாகவோ சற்றுப் பின்னாலோ ஒட்டியே செல்கிறது. ஆவுளியாக்கள் பறவையைப் போன்று கீச்சொலி எழுப்பவல்லவை. தாயும் கன்றும் பிரியாதிருக்க இவ்வொலி துணை செய்கிறது.

எந்தப் புல்வெளியில் மேய்வது, எந்த ஓதத்தில் கரையை நெருங்குவது, எப்பொழுது ஆழத்திற்கு விலகுவது என்பனவற்றையெல்லாம் கன்று தாயின் அருகிருந்தே கற்கிறது. ஓர் ஈற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டரை முதல் ஏழு ஆண்டுகள் வரை செல்கின்றன. எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடிய தாய், தன் வாழ்நாளில் பெறும் கன்றுகள் மிகச் சிலவே.

கணக்கு கூறும் எச்சரிக்கை

இங்கே ஓர் எளிய கணக்கைச் சிந்திக்கலாம். உணவு நிறைந்து, பகையின்றி, எல்லாம் நன்றாக அமைந்தாலும் ஓர் ஆவுளியாக் கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்திற்கு மேல் பெருக முடியாது என்று ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அதாவது நூறு ஆவுளியாக்கள் கொண்ட கூட்டத்தில் ஆண்டுக்கு ஐந்து மட்டுமே கூடும். அக்கூட்டத்தில் ஒரு தாய் வலையில் மூழ்கி இறந்தால், பாலை நம்பியிருக்கும் அதன் கன்றும் பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஆண்டின் ஆதாயத்தில் ஏறக்குறைய பாதி ஒரே இரவில் தொலைகிறது. இந்தியக் கடல்களில் ஆவுளியாக்கள் இன்று மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, கட்ச் வளைகுடா, அந்தமான் நிகோபார்த் தீவுகள் ஆகிய பகுதிகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. எல்லாம் சேர்ந்தும் சில நூறுக்கு மேல் இரா என்பதே பொதுவான மதிப்பீடு.

இவற்றை அழிப்பவற்றுள் முதன்மையானது செவுள்வலை. ஆவுளியா சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலெழுந்து மூச்சுவிட்டே ஆகவேண்டும். வலையில் சிக்கி மேலே வர இயலாத பொழுது அது மூச்சுமுட்டி இறக்கிறது. விரைந்து செல்லும் இயந்திரப் படகுகள் மோதுவதும், மலைச்சரிவுகளில் மண் அரிப்புண்டு ஆற்றுநீருடன் கலங்கிக் கடற்புல்லை மூடுவதும் அடுத்த தீங்குகள். இயற்கையின் தாக்குதலும் உண்டு. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் நிகழ்ந்த பெரும் பூகம்பத்தில் வட அந்தமான் கரையோரம் மேலுயர்ந்தது. நீருக்கடியில் இருந்த பவளத்திட்டுகள் பல வெளியே தோன்றி மடிந்தன. ஆழமற்ற நீரை நம்பியுள்ள வாழ்க்கை எத்துணை மெல்லிய அடிப்படையில் நிற்கிறது என்பதற்கு இது சான்று.

தாயை இழந்த கன்றை மனிதர் வளர்த்துக் காப்பது எளிதன்று. அந்தமான் கடலின் மறுகரையில் உள்ள தாய்லாந்தில், 2019-ல் மரியம் என்று பெயரிடப்பட்ட ஓர் அனாதைக் கன்று மீட்கப்பட்டது. லிபோங் தீவருகே கடலிலேயே அதற்குப் பாலும் கடற்புல்லும் ஊட்டி, மருத்துவர்களும் தொண்டர்களும் இரவுபகலாகப் பேணினர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அது இறந்தது. அதன் குடலில் பிளாஸ்டிக் துண்டுகள் காணப்பட்டன. தாயின் இடத்தை ஓர் அரசாங்கமே முன்வந்தும் நிரப்ப முடியவில்லை.

களப்பணியாளர் கவனத்திற்கு

ஆவுளியாவை நேரில் காண்பது அரிது. ஆனால் அதன் மேய்ச்சல் தடத்தைக் காணலாம். கடற்புல்லை வேரோடு பிடுங்கித் தின்பதால், புல்வெளியில் உழவுசால் போன்ற நீண்ட மணற்கோடுகள் தோன்றும். நீர் வடிந்த வேளையில் இவற்றைக் காண்போர், இடத்தையும் நாளையும் குறித்து வனத்துறைக்கு அறிவித்தல் நன்று.

வலையில் உயிருடன் அகப்பட்டால், முதற்கண் அதன் மூக்குத்துளைகள் நீர்மட்டத்திற்கு மேலிருக்குமாறு தாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர் வலையை அறுத்து அங்கேயே விடுவிக்க வேண்டும். வாலைப் பற்றி இழுப்பதும் படகில் ஏற்றுவதும் கூடா. அருகில் கன்று உண்டா என்று பார்த்துப் படகின் இயந்திரத்தை நிறுத்திக்கொள்வது அவசியம். கரையில் ஒதுங்கிய கன்றை நிழலில், ஈரத்துணி போர்த்தி வைத்து, உடனே வனத்துறையினரை அழைக்க வேண்டும், பசும்பால் புகட்டலாகாது.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஆவுளியா இடம்பெற்றுள்ளது; அதனைக் கொல்வதும் அதன் இறைச்சியை வைத்திருப்பதும் குற்றம். எனினும் சட்டத்தினும் மீனவரின் நல்லெண்ணமே பெருந்துணை. தமிழகக் கரையில் வலையில் அகப்பட்ட ஆவுளியாக்களை உயிருடன் விடுவித்த மீனவர்களை வனத்துறை வெகுமதி அளித்துப் பாராட்டியுள்ளது. 2022-ல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் சுமார் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை நாட்டின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது.

திக்லிபூர்ப் பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. காளிபூரில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குள் விடப்படுவதைக் காணும் மாணவர்களுக்கு, அதே நீரில் கன்றை உந்தி மேலெழுப்பும் மற்றொரு தாயைப் பற்றியும் ஆசிரியர் சொல்லலாம். அப்பாடத்தைக் கேட்ட பிள்ளை வீட்டில் போய்ச் சொல்வதனால், தந்தை கடற்புல் விளைந்த இடத்தில் ஓரிரவு வலை விரிக்காது விட்டால், அங்கே ஒரு கன்று தன் முதல் மூச்சைப் பெறக்கூடும்.