களை வாடுவது எவ்வாறு?

காலபோகத்து முதல் மழை விழுந்தவுடன் வன்னியிலே நெல்லுக்கு முன் களை முளைத்துவிடும். இரணைமடுவின் கீழும் பாவற்குளத்தின் கீழும் கமஞ்செய்வோர் விதைப்புக்கு முன் வயலிலும் வரம்பிலும் கிளைபோசேற் என்னும் களைநாசினியைத் தெளித்து வந்தமை இதனாலேயே. தெளித்த அன்று கோரை பச்சையாகவே நிற்கும். சில நாட் சென்றபின்னரே குருத்து மஞ்சளித்து வாடும். எரித்துக் கொல்லும் நஞ்சன்று அது. பட்டினி போட்டுக் கொல்லும் நஞ்சு.

தாவரம் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே ஆக்கிக்கொள்கின்றது. புரதத்தின் உறுப்புக்களான பீனைலலனின், தைரோசின், திரிப்தோபன் என்னும் மூன்று அமினோ அமிலங்களுக்கும் மூலவழி ஒன்றே. ஏழு படிகள் கொண்ட அவ்வழியின் இடையே தோன்றி மறையும் பொருள் சிகிமிக் அமிலம். 1885ஆம் ஆண்டில் எய்க்மன் என்னும் ஒல்லாந்த இரசாயனவியலாளர் யப்பானிலே சிகிமி என்னும் மரத்திலிருந்து அதனைப் பிரித்தெடுத்தார். சமையலுக்குரிய அன்னாசிப்பூ அம்மரத்தின் இனமே. ஆயினும் சிகிமியின் காய் நஞ்சுடையது. பற்றீரியாவும் பூஞ்சணமும் இவ்வழியையே கைக்கொள்கின்றன.

ஆறாம் படியில் தொழில் புரியும் நொதியத்தைக் கிளைபோசேற் பற்றிக்கொள்ளும் என்பது 1980இல் செருமனியிலே கண்டறியப்பட்டது. துருசு அடைபட்ட வாய்க்காலில் நீர் மேற்புறம் தேங்குமன்றோ? அதுபோலச் சிகிமிக் அமிலம் இலையிலே தேங்கும். அப்பால் அமினோ அமிலம் இன்றிப் புரதவாக்கம் நின்றுபோம். நெல்லுக்கும் அதே கதியாதலால் பயிர் நிற்கும் வயலில் இதனைத் தெளிப்பதில்லை.

மனித உடலில் இவ்வழி இல்லை. பீனைலலனினையும் திரிப்தோபனையும் மனிதர் சோற்றிலும் பருப்பிலும் மீனிலுமிருந்தே பெறுகின்றனர். ஆகவே மனிதருக்குத் தீங்கில்லை என்று கூறுவோர் உளர். அது பாதி நியாயமே. அடைபடுதற்கு வழி இல்லை என்றமையால் வேறு வகையில் ஊறு நேராது என்று துணிதல் பொருந்தாது. குடலில் வாழும் பற்றீரியா பலவற்றுக்கு அவ்வழி உண்டு; இலையில் ஒட்டுவதற்கென்று போத்தலில் சேர்க்கப்படும் பிற பொருள்களும் உண்டு.

வவுனியா உட்பட வரண்ட வலயத்துக் கமக்காரரை, காரணம் துணியப்படாத சிறுநீரக நோய் ஒன்று வருத்துகின்றது. அதனை முன்னிட்டே 2015இல் அரசாங்கம் கிளைபோசேற்றைத் தடைசெய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தியது. 2022இல் இறக்குமதித் தடையை நீக்கியது. நோயின் மூலமோ தெளிந்தபாடில்லை. கிணற்றின் கடினநீர், புளோரைட்டு, வெயிலில் உழைப்போரின் நீரிழப்பு, பார உலோகங்கள், விவசாய இரசாயனங்கள் யாவும் ஆராய்ச்சியாளரின் ஐயத்துக்குள்ளேயே இருக்கின்றன.