வாய்க்காலுக்கு முன்னால் வாசல்

2024 அக்டோபர் 25 அன்று பெய்த பெருமழையில் மதுரை செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. செல்லூர்க் கண்மாயிலிருந்து வைகைக்கு 290 மீட்டர் நீளத்தில் சிமென்ட் கால்வாய் கட்ட, 11.9 கோடி ரூபாயை அரசு அறிவித்தது.

கால்வாய் தேவைதான். அதை நிரப்பும் தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

1,200 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு தண்ணீர் லாரி. வயலாக இருந்தபோது வரப்புக்குள் நின்று ஊறிய மழை, மனைகளான பின் சிமென்ட் வாசல் வழியாக ஒரே நேரத்தில் தெருவுக்கு ஓடிவருகிறது. ஒன்று நிரம்பி மறுகால் பாய்ந்து அடுத்ததை நிரப்பிய கண்மாய்களும் சுருங்கிவிட்டன. 2004-ல் திறந்த உயர் நீதிமன்றக் கிளையே உலகநேரிக் கண்மாய் நிலத்தில்தான் நிற்கிறது.

வீட்டளவில் செய்ய நிறைய உண்டு. மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமானது. ஆனால் குழாய் மட்டும் இருந்து, குழி தூர்ந்துபோன வீடுகள் ஏராளம். அடியில் கருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் என்று நிரப்பிய குழியில், வண்டல் படியும் மேல் மணலை ஐப்பசிக்கு முன் மாற்றியாக வேண்டும். மதுரையில் பல இடங்களில் கொஞ்ச ஆழத்திலேயே பாறை தட்டும் என்பதால், மிகுநீர் வெளியேற ஒரு குழாயும் வேண்டும்.

புது மனைப்பிரிவுகளில் பூங்காவைத் தெருவைவிட ஓரடி தாழ்வாக அமைத்தால், நான்கைந்து தெரு மழை அங்கேயே தங்கி ஊறும். மண்ணடித்து மேடாக்கிய பிறகு அது நடக்காது.