கிராஃப் சரி, அச்சில் இருக்கும் எண்கள் சரியா?

ப்ராஜெக்ட் ரிவியூவுக்கு கிராஃப் போடும்போது நாம எல்லாரும் கோட்டைத்தான் பார்க்கிறோம். மேலே ஏறுதா, இறங்குதா, அவ்வளவுதான். ஆனா "இது எத்தனை வோல்ட்?" என்று எக்ஸ்டர்னல் கேட்டால் பதில் கோட்டில் இல்லை. ஓரத்தில் இருக்கும் எண்களில்தான் இருக்கு. அந்த எண்கள் எப்படித் தெரியணும் என்பதை நாம முடிவு பண்ணலைன்னா, சாஃப்ட்வேரே முடிவு பண்ணிடும். அது எப்பவும் நமக்குச் சாதகமா இருக்காது.

முதல்ல லேப்வியூ. கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி, எக்ஸ் ஸ்கேல் அல்லது ஒய் ஸ்கேல் மெனுவில் ஃபார்மேட்டிங் போங்க. டிஸ்ப்ளே ஃபார்மேட் என்ற பக்கம் திறக்கும். எந்த அச்சை மாற்றுகிறோம் என்பதை மேலே தேர்வு செய்யணும். இதை விட்டுட்டு, எக்ஸ் அச்சுக்குப் பதிலா ஒய் அச்சை மாற்றிவிட்டு "வேலை செய்யலையே"ன்னு முழிப்பவர்கள் உண்டு.

அங்கே நமக்கு அதிகம் பயன்படுவது நாலு விஷயம்.

1. தசம இலக்கங்கள்: 12 பிட் ஏடிசி, 0 முதல் 10 வோல்ட் வரை அளக்குதுன்னு வைங்க. 10-ஐ 4096-ஆல் வகுத்தால் ஒரு படி சுமார் 2.44 மில்லிவோல்ட். அப்போ ஒரு ரீடிங்குக்கு ஆறு தசமம் காட்டினால், கருவிக்கே தெரியாத துல்லியத்தை நாம சொல்றோம் என்று அர்த்தம். மூன்று போதும். ரொம்பக் குறைத்தாலும் சிக்கல்தான். 3.30, 3.32, 3.34 என்ற மூன்று இடங்களுக்கும் ஒரு தசமம் மட்டும் வைத்தால், அச்சில் 3.3 என்ற ஒரே எண் மூன்று முறை நிற்கும்.

2. கடைசிப் பூஜ்யங்கள்: அவற்றை மறைக்கும் டிக் இருந்தால் 2, 2.5, 3 என்று கலந்து வரும். டிக்கை எடுத்தால் 2.0, 2.5, 3.0 என்று வரிசையா நிற்கும்.

3. எஸ்.ஐ. குறியீடு: 0.00047 என்பதைவிட 470 மைக்ரோ என்பது கண்ணுக்குச் சுலபம். ஆனா கவனம்: சின்ன எம் என்றால் மில்லி, பெரிய எம் என்றால் மெகா. ரெண்டுக்கும் நடுவில் நூறு கோடி மடங்கு வித்தியாசம்.

4. நேரம்: எக்ஸ் அச்சில் திடீர்னு 1904 ஜனவரி 1, காலை 5:30 என்று வந்தால் பயப்படாதீங்க. லேப்வியூ நேரத்தை எண்ணத் தொடங்குவது 1904 ஜனவரி 1, உலக நேரம் நள்ளிரவில் இருந்து. நம்ம ஊர் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆக, தொடக்க நேரம் பூஜ்யமாக இருக்கு என்றுதான் அர்த்தம். உண்மையான நேரம் வேணும்னா அதைக் கொடுங்க. எத்தனை விநாடி ஆச்சு என்பது போதும்னா, சார்பு நேரத்துக்கு மாற்றிடுங்க.

இதில் எதை மாற்றினாலும் தோற்றம்தான் மாறும். வயரில் ஓடும் மதிப்பு அப்படியே இருக்கும்.

பைத்தானில் மேட்பிளாட்லிப் பயன்படுத்துறவங்களுக்கு வேற ஒரு பொறி இருக்கு. 10 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலின் அதிர்வெண்ணைப் பதிவு பண்றீங்க. மதிப்புகள் 1,00,00,001 முதல் 1,00,00,009 ஹெர்ட்ஸ் வரை. அச்சில் 2, 4, 6, 8 என்று மட்டும் இருக்கும். ஒரு கோடியைக் கூட்டிக்கோங்க என்ற குறிப்பு மேல் மூலையில் குட்டியா நிற்கும். ரிப்போர்ட்டில் ஒட்டும்போது அந்த மூலையை வெட்டிட்டா, படிக்கிறவருக்கு கிறிஸ்டல் வெறும் 8 ஹெர்ட்ஸில் ஓடுது! இந்த ஆஃப்செட்டை அணைக்க ஒரு வரி போதும். ஆனா அணைத்தால் எட்டு இலக்க எண்கள் வரிசையா வந்து அடைச்சுக்கும். நல்ல வழி, தரவிலேயே ஒரு கோடியைக் கழித்துவிட்டு, "10 மெகாஹெர்ட்ஸில் இருந்து விலகல், ஹெர்ட்ஸில்" என்று அச்சுக்குப் பெயர் வைப்பது. அப்போ எண்ணும் சின்னது, அர்த்தமும் தெளிவு.

மேட்லேபிலும் இதே கதைதான். அச்சின் மேல் பத்தின் அடுக்கு தனியா நிற்கும். எக்ஸ்போனென்ட் மதிப்பைப் பூஜ்யமாக்கினால் முழு எண்கள் வந்துவிடும்.

கடைசியா ஒரு சோதனை. உங்க ப்ராஜெக்ட் பற்றி எதுவும் தெரியாத ஒரு நண்பரிடம் கிராஃபை மட்டும் கொடுங்க. ஏதாவது ஒரு புள்ளியைக் காட்டி, "இது எவ்வளவு, என்ன அலகு?"ன்னு கேளுங்க. அவர் உங்ககிட்ட எதையும் கேட்காமல் சரியாகச் சொல்லிட்டா, அந்தப் படத்தை ரிப்போர்ட்டில் தைரியமா ஒட்டலாம்.