மானாம்பதியிலிருந்து ஓவியச் சிகிச்சையைத் தேடினால்

உத்திரமேரூர் ஒன்றியத்து மானாம்பதியில் உட்கார்ந்துகொண்டு கைபேசியில் ‘ஆர்ட் தெரபி’ என்று தேடினால் பெரும்பாலும் இரண்டு வகை விடைகள்தான் வரும். ஒன்று அடையாறு, அண்ணா நகர், ஓ.எம்.ஆர். முகவரிகள். மற்றது டிராயிங் கிளாஸ். முதலாவதற்குப் போய்வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். இரண்டாவது சிகிச்சையே இல்லை. இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆனால், ஓவியத்தைத் தேடிக் கிளம்பினால் அந்த வழி தென்படாது. முதலில் பொறுப்பேற்றுக்கொள்ளும் சிகிச்சையாளர் ஒருவர் வேண்டும். கிரேயானும் களிமண்ணும் அதற்குப் பிறகு.

ஓவியச் சிகிச்சை என்பது என்ன? வாயில் வராததைக் காகிதத்திலோ களிமண்ணிலோ வரவிட்டு, பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்து, அதை வைத்துக்கொண்டு மனத்தோடு வேலை செய்வது. படம் அழகாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அப்பாவை விபத்தில் பறிகொடுத்த பிறகு பேச்சைக் குறைத்துக்கொண்ட பிள்ளை, பக்கவாதத்தில் பேச்சு போனவர், ஆட்டிசம் உள்ள சிறுவர்கள், நினைவு தப்பிவரும் முதியவர்கள் போன்றவர்களோடு இந்த முறையில் வேலை செய்கிறார்கள். நீண்ட சிகிச்சையில் படுக்கையிலேயே நாள் கழிப்பவர்களும் உண்டு. இதற்கு ஆங்கிலப் பெயர் வைத்த ஏட்ரியன் ஹில்லே அப்படிப் படுத்துக் கிடந்தவர்தான். ஓவியரான அவர் 1938-ல் காசநோயோடு இங்கிலாந்தின் மிட்ஹர்ஸ்ட் சானடோரியத்தில் சேர்ந்தார். படுக்கையில் வரைய ஆரம்பித்தவர், பிறகு பக்கத்துப் படுக்கைக்காரர்களையும் வரைய வைத்தார். 1942-ல் அதற்கு ‘ஆர்ட் தெரபி’ என்று பெயர் வைத்து, 1945-ல் ஒரு புத்தகமும் எழுதினார்.

இதை எல்லா நோய்க்கும் மருந்தென்று விற்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ‘மேட்டிஸ்’ என்ற பிரிட்டன் ஆய்வை நினைவூட்டலாம். ஸ்கிசோஃப்ரினியா எனும் மனச்சிதைவு நோய் உள்ள 417 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு வாரம் ஒருமுறை குழு ஓவியச் சிகிச்சையும் தந்து பார்த்தார்கள். 2012-ல் வெளியான முடிவுப்படி, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட இவர்கள் மேம்பட்டுவிடவில்லை. அமர்வுகளுக்கு ஆட்கள் ஒழுங்காக வராததும் அந்த ஆய்வில் தெரியவந்தது. ஆகவே, மாத்திரையை நிறுத்திவிட்டுப் படம் வரையலாம் என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே நல்லது.

நம் பக்கத்திலேயே ஒரு சோகமான உதாரணம் உண்டு. 1966-ல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் கே. ராமானுஜம் என்ற ஓவியர் இருந்தார். மனநோயோடு வாழ்ந்தவர். கனவு நகரங்களை மையால் நுணுக்கமாக இழைத்து, அவற்றின் நடுவே தொப்பி போட்ட மனிதராகத் தன்னையும் வரைந்துகொண்டவர். அவரை விட அதிகமாகக் கலைக்குள் வாழ்ந்த ஓர் ஆளைக் காட்டுவது கடினம். 1973-ல் இளம் வயதிலேயே இறந்துபோனார். வரைவது அவருக்குத் துணையாக இருந்திருக்கலாம். ஆனால் வரைவதும் சிகிச்சை பெறுவதும் ஒன்றல்ல.

கோலத்தையும் ஓவியச் சிகிச்சை என்று சொல்வது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. காலையில் வாசலில் குனிந்து புள்ளி வைக்கும்போது மனசு அடங்குவது உண்மைதான். இருந்தாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. சிகிச்சையில் எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீங்கள் போட்ட கோட்டை அவர் மறக்க மாட்டார், அடுத்த வாரம் அது பற்றிக் கேட்பார், நிலைமை மோசமானால் மருத்துவரிடம் அனுப்புவார். கோலத்துக்கு அப்படி ஒருவர் இல்லை.

யார் சிகிச்சையாளர்?

பிரிட்டனில் அரசுப் பதிவு இல்லாதவர் தன்னை ‘ஆர்ட் தெரபிஸ்ட்’ என்று சொல்லிக்கொண்டால் குற்றம். இங்கே நிலைமை வேறு. மருத்துவத் துணைத் தொழில்களுக்காக 2021-ல் ஒன்றிய அரசு கொண்டுவந்த தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் கலை, நடனச் சிகிச்சையாளர்களின் பெயரும் இடம்பிடித்தது. மாநிலப் பதிவேடுகளை அமைக்கும் வேலையோ ஆமை வேகத்தில் நகர்ந்தது. அதனால் வார இறுதியில் ஆன்லைன் வகுப்பு முடித்தவரும், ஆண்டுக்கணக்கில் மேற்பார்வையோடு பயின்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள முடிகிறது.

சரிபார்க்க ஒரு பிடி உண்டு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டுகள் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தக் கவுன்சில் 1992-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்குவது. பதிவு எண்ணைக் கேட்டால் உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த எண்ணைக் கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு. இவர்களில் ஒருவர் ஓவியத்தைக் கருவியாகப் பயன்படுத்தினால் முதல் கவலை தீர்ந்தது. கலைச் சிகிச்சையை மட்டும் படித்தவர் என்றால், எங்கே, எத்தனை காலம், யார் மேற்பார்வையில் படித்தார், இப்போது எந்த மனநல மருத்துவரோடு சேர்ந்து வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்குப் பெயர் வராவிட்டால் யோசிக்க வேண்டும்.

உத்திரமேரூரில் தொடங்குவது

மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. மாவட்டக் குழு, தலைமை மருத்துவமனையோடு நிற்காமல் முறை வைத்துத் தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் வருவதுதான் அதன் ஏற்பாடு. ஆகவே மானாம்பதிக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது உத்திரமேரூர் ஜி.எச்.சில், ‘மனநல டாக்டர் என்றைக்கு வருவார்?’ என்றுதான். ஓ.பி. சீட்டு, மாத்திரை எல்லாம் இலவசம். அங்கே ஓவியச் சிகிச்சை இருக்காது. ஆனால் நோய் என்ன, படம் வரைவது இந்த ஆளுக்கு உதவுமா, இல்லை இப்போதைக்கு மருந்துதான் அவசரமா என்பது தெரிந்துவிடும். இந்த ஒரு பதில் இல்லாமல் சென்னைக்கு ஓடுவது வீண் செலவு.

அடுத்த படி காஞ்சிபுரம் அரசுத் தலைமை மருத்துவமனை, அல்லது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு செங்கல்பட்டு ‘வேற மாவட்டம்’ ஆகிவிட்டதால் அங்கே பார்க்க மாட்டார்கள் என்று சிலர் நினைக்கிறார்கள். ஓ.பி.க்கு மாவட்ட எல்லை கிடையாது. பிள்ளைக்கு வளர்ச்சிக் குறைபாடு என்றால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் கேட்கலாம். முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனமும் இருக்கிறது.

அதற்கும் மேலே சென்னை. மனச்சிதைவு நோய்க்காக டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப், 1993-ல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் தொடங்கிய பேன்யன் போன்ற அமைப்புகள் மறுவாழ்வுப் பணியில் அனுபவம் உள்ளவை. தனியாரிடம் ஒரு அமர்வுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்பது சகஜம். வாரா வாரம் என்றால் கணக்கு எங்கே போகும் என்பது தெரிந்ததே. மாதம் ஒருமுறை நேரில், நடுவில் வீடியோவில் என்று பேசிப் பார்க்கலாம். கைபேசியைக் காகிதத்தைப் பார்த்தபடி சாய்த்து வைத்தால் போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒரே அறை உள்ள வீட்டில், மாமியாரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் இருக்கும்போது யார் மனசு விட்டு வரைவார்கள்? சிகிச்சையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

தற்கொலை எண்ணம் தெரிந்தால் இந்தப் படிகள் எதற்கும் காத்திருக்கக் கூடாது. 14416 என்ற இலவச எண்ணில் இரவிலும் தமிழில் பேசுவார்கள். ஆபத்து நெருங்கிவிட்டது என்றால் 108.

மட்டக்களப்புப் பேருந்து

தூரம்தான் பிரச்சினை என்றால், அதற்குத் தமிழர்களிடையே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1996-ல், இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்தபோதே, அங்குள்ள மட்டக்களப்பில் ‘வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா’ திறக்கப்பட்டது. கனடா நாட்டுக் கலைஞர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் அதைத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத் தமிழ், முஸ்லிம் கிராமங்களுக்குப் பேருந்து போய்ப் பிள்ளைகளை ஏற்றி வந்தது. மரமும் விலங்குகளும் உள்ள இடத்தில் அவர்கள் வண்ணம் பூசினார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை கட்டினார்கள், நாடகம் போட்டார்கள். ‘என்ன நடந்தது சொல்லு’ என்று யாரும் துருவவில்லை. கூடவே இருந்து பார்த்துக்கொண்டவர்கள் அந்த ஊர்ப்பக்க இளைஞர்கள். பயிற்சி கொடுத்து அவர்களை உருவாக்கினார்கள். வடக்கில் மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவரோடு இருந்தவர்களும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து போரில் அடிபட்ட பிள்ளைகளுக்குத் துணை நிற்க வைத்ததும் இதே போக்கில்தான்.

நிபுணர் ஒவ்வொரு ஊரிலும் குடியிருக்க வேண்டியதில்லை என்பதை மட்டக்களப்பு காட்டியது. தேவைப்பட்டவை ஒரு பேருந்து, உள்ளூர் ஆட்கள், அவர்களை வழிநடத்த ஒருவர். புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஸ்கார்ஃப் ஒரு பேருந்தை ஓட்டி, அதற்குள் வீடியோ வழியாக மனநல மருத்துவரைப் பார்க்க வைத்து, மருந்தும் கொடுத்தது. அதனால் இது இங்கே முடியாத காரியமும் அல்ல. உத்திரமேரூர் ஒன்றியத்தில் ஆர்வமுள்ள ஓர் ஓவிய ஆசிரியரும், மாவட்ட மனநலக் குழுவின் உளவியலாளரும் மாதம் இருமுறை ஒரு பள்ளி அறையில் சேர்ந்து உட்கார்ந்தால், அது சென்னை முகவரிகள் பலவற்றை விட மேலாக இருக்கும். ஆசிரியர் வரைய வைப்பார், உளவியலாளர் பொறுப்பேற்பார். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். கேட்பவர்கள் வேண்டும். கிராமசபையில் எழுத்து மூலம் கேட்கலாம்.

சிகிச்சையாளர் கிடைத்தால் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கறுப்பு பூசினால் துக்கம், சிவப்பு பூசினால் கோபம் என்று அகராதி வைத்துப் படிப்பவரை நம்ப வேண்டாம். நல்லவர் வரைந்தவரிடமே கேட்பார். அமர்வின் கடைசியில் கொஞ்ச நேரம் ஒதுக்கி, கிளறியதை அடக்கித்தான் வீட்டுக்கு அனுப்புவார். அழுதபடியே பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்ப மாட்டார்.

வரைந்த படம் யாருக்குச் சொந்தம் என்பதையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். அது மருத்துவக் குறிப்புக்குச் சமம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் உரிமையைத் தருகிறது. பிள்ளையின் படத்தை விளம்பரத்துக்குப் போடும் நிறுவனத்தையும், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைக்கும் சித்தப்பாவையும் ஒரே மாதிரி தடுக்க வேண்டும். வீட்டில் ‘என்னடா வரைஞ்ச, காட்டு’ என்று கேட்பதைக் கூடத் தள்ளிப்போடலாம். அவனே காட்டினால் பார்க்கலாம். ‘நல்லா இருக்கு’ என்று மார்க் போடவும் வேண்டாம்.

எத்தனை அமர்வுக்குப் பிறகு உட்கார்ந்து நிலைமையைப் பார்ப்போம் என்றும் ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கோ வேலைக்கோ போவது, வீட்டில் பேசுவது ஆகியவற்றில் எதுவும் அசையவில்லை என்றால், முறையை மாற்றும்படி கேட்கவோ, நிறுத்திவிட்டு உத்திரமேரூர் ஓ.பி.க்கே திரும்பவோ குடும்பத்துக்கு உரிமை உண்டு.