முதுகு காட்டிச் சுடும் துப்பாக்கி

"தொண்ணூறு கிலோமீட்டர் ஓடுறவனுக்குப் புத்தி இருக்காடா?" என்று ஹாஸ்டலில் நண்பன் கேட்டான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், நண்பர்களே!

தென்னாப்பிரிக்காவில், காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் டர்பனுக்கும் இடையே நடப்பது காம்ரேட்ஸ் ஓட்டம். முதல் உலகப் போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1921-ல் விக் கிளாப்பம் என்பவர் தொடங்கினார். அந்த வருடம் 34 பேர் ஓடி, 16 பேர்தான் முடித்தார்கள்.

மாரத்தானைப்போல் இரண்டு மடங்கு தூரம். உடம்பிலுள்ள மாவுச்சத்து முப்பது கிலோமீட்டர் தாண்டினாலே தீர ஆரம்பிக்கும். அப்புறம்? வேகத்தைக் குறைத்துக் கொழுப்பை எரிக்கணும், வழியெல்லாம் தின்றுகொண்டே ஓடணும். மேட்டில் வெட்கப்படாமல் நடக்கலாம். அதனால்தான் சாதாரண ஆபீஸ் ஆட்கள்கூட இதில் துணிந்து இறங்குகிறார்கள். அவர்களுக்கு எதிராளி கடிகாரம் மட்டுமே.

கெடு 12 மணி நேரம். அது முடியும் நொடியில் ஒருவர், ஓடிவருபவர்களுக்கு முதுகைக் காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். முகத்தைப் பார்த்தால் மனசு இளகிடுமே! ஒரு நொடி பிந்தினாலும் பதக்கம் கிடையாது. எல்லைக்குச் சில அடி முன்னால் கால் மடங்கி விழுந்தவரை, பக்கத்தில் ஓடியவர்கள் தங்கள் நேரத்தையும் மறந்து தூக்கி வருவதுண்டு.

இதை நண்பனிடம் சொன்னேன். "அந்த ஆளு உள்ளே வந்துட்டாராடா?" என்றான்.